முதல் தப்பு இலவசம்!

ராத்திரி இரண்டு மணி இருக்கும். பக்கத்து ரூமிலிருந்து "ஐயோ! கண்ணு போச்சு! கண்ணு போச்சு!" என்று ஓர் அலறல். அக்கா பையன் குரல். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இருட்டில் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டதில் முதல் காயம் எனக்குத்தான். போய்ப் பார்த்தால், பயல் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு செல்போனை முறைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய இரண்டு கண்களும் பத்திரமாக இருந்தன.

"எனக்கில்ல மாமா... ஆஸ்பினாலுக்கு!"

ஆஸ்பினால் யார், அவர் கண்ணுக்கும் என் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்ததில் தெரிந்தது இது. 2025 அக்டோபர் 25-ம் தேதி அபுதாபியில் ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்துக்கான எம்.எம்.ஏ. சண்டை. இங்கிலாந்தின் டாம் ஆஸ்பினால் சாம்பியன். எதிரே ஃபிரான்ஸின் சிரில் கான். முதல் ரவுண்டு முடிய அரை நிமிஷம்கூட இல்லை. கானின் நீட்டிய விரல்கள் ஆஸ்பினாலின் கண்களில் பாய்ந்துவிட்டன. மனுஷன் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். ரெஃப்ரி நிறுத்தினார். டாக்டர் வந்தார். தண்ணீர், துணி, கேள்வி, பதில்... "பார்வை தெரியவில்லை" என்றார் ஆஸ்பினால். அவ்வளவுதான், சண்டை ரத்து. 'நோ கான்டெஸ்ட்', அதாவது ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை.

"சரிடா, குத்தினவனுக்கு என்ன தண்டனை?"

"ஒண்ணுமில்ல மாமா. தெரியாம பட்டுதுன்னு சொல்லிட்டாங்க."

"குத்து வாங்கினவனுக்கு?"

"அவரைப் பார்த்துத்தான் கூட்டமே 'பூ... பூ...'ன்னு கத்துது."

அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கினவனைத் திட்டுகிற இந்த நியாயத்தை இதற்குமுன் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஞாபகம் வந்தது: ஆபீஸில்!

*

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

எம்.எம்.ஏ. என்கிற 'மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்' ஒரு கதம்ப சாதம். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்ஸு, தாய்லாந்துக்காரர்களின் முவே தாய் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறியிருக்கிறார்கள். எட்டு மூலைக் கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். குத்தலாம், உதைக்கலாம், முழங்காலால் இடிக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்கலாம், கையை முறுக்கலாம். சாதாரணச் சண்டைக்கு ஐந்து நிமிஷ ரவுண்டு மூன்று. பட்டத்துக்கான சண்டை என்றால் ஐந்து. டி.வி. மல்யுத்தம் மாதிரி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு விழுகிற வேலை இல்லை. நிஜ அடி, நிஜ ரத்தம், நிஜத் தையல்.

இவ்வளவும் செய்யலாம் என்றால் அப்புறம் எதுதான் தப்பு?

ஆரம்பத்தில் எதுவுமே தப்பில்லை என்றுதான் விளம்பரம் செய்தார்கள். 1993 நவம்பர் 12-ம் தேதி அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில் முதல் யு.எஃப்.சி. போட்டி. விதிகளே கிடையாது என்று போட்டுத்தான் கூட்டம் சேர்த்தார்கள். உண்மையில் இரண்டு விதிகள் இருந்தன: கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. அந்த இரண்டையாவது மதித்தார்களா என்றால், இறுதிச் சண்டையில் நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ தன் காதைக் கடித்துவிட்டதாக பிரேசிலின் ராய்ஸ் கிரேஸி சொன்னார். புகார் மனு எழுதிக்கொண்டு நிற்கவில்லை அவர். பின்பக்கமாகப் போய் கோர்டோவின் கழுத்தைப் பிடித்து நெரித்தார். கோர்டோ தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு சில விநாடிகள் கூடுதலாகப் பிடித்திருந்தார். காதுக்கு வட்டி!

அடுத்த வருஷம், 1994 டிசம்பரில், ஓக்லஹோமாவின் டல்ஸாவில் கீத் ஹாக்னியும் ஜோ ஸன்னும் மோதினார்கள். இரண்டு பேருக்கும் குடுமி. அந்தக் காலத்தில் முடியைப் பிடித்து இழுப்பது தப்பில்லை. ஆகவே இரண்டு பேரும் கனவான்களாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், ஒருத்தர் முடியை ஒருத்தர் இழுப்பதில்லை என்று. முடி பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே விழுந்து புரளும்போது ஹாக்னி, ஜோ ஸன்னின் இடுப்புக்குக் கீழே, ஆண்கள் வாசிக்கும்போதே காலை மடக்கிக்கொள்ளும் இடத்தில், மாறி மாறிக் குத்தினார். ஒப்பந்தத்தில் அந்த இடம் விட்டுப்போய்விட்டது! எந்த அக்ரிமென்ட்டிலும் கையெழுத்துப் போடுமுன் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

1996-ல் அமெரிக்க செனட்டர் ஜான் மக்கெய்ன் இதற்கு 'மனிதச் சேவல் சண்டை' என்று பெயர் வைத்து, ஐம்பது மாநில கவர்னர்களுக்கும் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை போட்டன. பிழைக்க வேண்டுமானால் ஒழுங்காகச் சட்டதிட்டம் வேண்டும் என்கிற ஞானம் அப்போதுதான் வந்தது. நியூஜெர்ஸி மாநில விளையாட்டு ஆணையம் முன்கை எடுத்தது. 2000 நவம்பரில் அதன் மேற்பார்வையில் முதல் யு.எஃப்.சி. நடந்தது. 2001 ஏப்ரலில் எல்லோரும் கூடிப் பேசி 'ஒருங்கிணைந்த விதிகள்' எழுதினார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் ஓடுவது அதன் திருத்திய பதிப்புதான்.

அதில் தப்புகளின் பட்டியல் முப்பதைத் தொட்டது. வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் பழைய எலிமென்டரி ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வந்தார். கடிக்கக் கூடாது. துப்பக் கூடாது. முடியை இழுக்கக் கூடாது. கிள்ளக் கூடாது (சத்தியமாக!). நகத்தால் பிராண்டக் கூடாது. டிராயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. மணி அடித்த பிறகு அடிக்கக் கூடாது. தூண்டில் முள் மாதிரி வாய்க்குள் விரலை மாட்டிக் கன்னத்தை இழுக்கக் கூடாது. தலையால் முட்டக் கூடாது. பிடரியிலும் முதுகெலும்பிலும் குத்தக் கூடாது. கீழே கிடப்பவன் தலையில் உதைக்கக் கூடாது. முழங்காலால் இடிக்கவும் கூடாது. கம்பி வலையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பயப்படக் கூடாது! சண்டை போடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போவதும், மூச்சு வாங்குவதற்காக வாயிலிருக்கும் பல் கவசத்தை வேண்டுமென்றே துப்பிவிட்டு ரெஃப்ரி அதை எடுத்துக் கழுவித் தரும்வரை ஓய்வெடுப்பதும் குற்றம். இந்த விதி மட்டும் நம் ஆபீஸுக்கு வந்தால் பாதி பேருக்கு வேலை போய்விடும்.

*

சரி, தப்பு செய்தால் என்ன ஆகும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

படிப்படியாக நான்கு நிலை. முதலில் வார்னிங். அடுத்தது, ஒரு பாயின்ட் வெட்டு. ரொம்ப மோசம் என்றால் இரண்டு பாயின்ட். கடைசியாக டிஸ்குவாலிஃபிகேஷன், அதாவது தோற்றதாக அறிவித்து வீட்டுக்கு அனுப்புவது. ஆபீஸ் பாஷையில்: வாய்மொழி எச்சரிக்கை, இன்க்ரிமென்ட் கட், டபுள் கட், டிஸ்மிஸ்.

வேண்டுமென்றே செய்த தப்பில் எதிராளிக்குக் காயம் பட்டு, ஆனாலும் அவனால் தொடர முடிகிறது என்றால் இரண்டு பாயின்ட் வெட்டு என்கிறது விதி. தொடரவே முடியாது என்றால் செய்தவன் அவுட். தெரியாமல் பட்டு, சண்டை தொடர முடியாமல் போனால்? மூன்று ரவுண்டு சண்டையில் இரண்டு ரவுண்டு முடிந்திருந்தால், ஐந்து ரவுண்டு சண்டையில் மூன்று முடிந்திருந்தால், அதுவரை போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்து முடிவு சொல்வார்கள். அதற்கு முன்னாலேயே என்றால் நோ கான்டெஸ்ட். ஆஸ்பினாலுக்கு முதல் ரவுண்டிலேயே நடந்ததால் நோ கான்டெஸ்ட்.

பேப்பரில் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பாயின்ட்டின் கனத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

ரவுண்டில் ஜெயித்தவனுக்கு 10 மார்க், தோற்றவனுக்குப் பெரும்பாலும் 9. மூன்று ரவுண்டில் இரண்டை நீங்களும் ஒன்றை எதிராளியும் ஜெயித்தால் உங்களுக்கு 29, அவனுக்கு 28. வெற்றி உங்களுக்கு. இப்போது ரெஃப்ரி உங்களிடம் ஒரே ஒரு பாயின்ட்டை வெட்டுகிறார். 28-28. டிரா. ஜெயித்த ஒரு முழு ரவுண்டு கைவிட்டுப் போகிறது. பல மாதம் பட்டினி கிடந்து எடை குறைத்து, வீட்டை விட்டுப் பயிற்சி முகாமில் கிடந்து வந்தவனின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கை அசைவில் எடுத்துவிடுகிறார் ரெஃப்ரி.

நீங்கள் ரெஃப்ரியாக இருந்தால் வெட்டுவீர்களா? யோசிப்பீர்கள். அவரும் யோசிக்கிறார். யோசித்துவிட்டு விரலை ஆட்டி "இன்னொரு தடவை பண்ணாதே" என்கிறார். இன்னொரு தடவை நடக்கிறது. "சொன்னேன் இல்ல?" என்கிறார். மூன்றாவது தடவை: "இதுதான் கடைசி வார்னிங்!" நம் வீட்டு அம்மாக்கள் பரீட்சை சமயத்தில் டி.வி.யை அணைக்கப்போவதாகச் சொல்வது போலத்தான். தண்டனை ரொம்பப் பெரிதாக இருப்பதாலேயே அதைக் கொடுக்க மனசு வருவதில்லை. கொடுக்க மனசு வராத தண்டனை இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் முதலில் வார்னிங்தான் கொடுத்தாக வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ரெஃப்ரி நினைத்தால் முதல் தப்புக்கே வெட்டலாம். பழக்க தோஷத்தால் வெட்டுவதில்லை. ஆகவே கூண்டுக்குள் போகிற ஒவ்வொருத்தர் பாக்கெட்டிலும் (டிராயரில் பாக்கெட் இல்லை என்றாலும்) ஒரு இலவசக் கூப்பன் இருக்கிறது: முதல் தப்பு இலவசம்!

அந்தக் கூப்பனுக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் 2012 ஜனவரி 14-ஐப் பார்க்க வேண்டும். ரியோ டி ஜெனிரோவில் ஜோஸே ஆல்டோ, சொந்த நாட்டுச் சாம்பியன். எதிரே அமெரிக்காவின் சாட் மெண்டிஸ், அதுவரை தோல்வியே காணாதவர். மெண்டிஸின் பலமே இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கீழே போடுவது. முதல் ரவுண்டின் கடைசிக் கட்டத்தில் ஆல்டோவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். ஆல்டோ என்ன செய்தார்? பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி வலையைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. ரெஃப்ரி எச்சரித்தார், அதோடு சரி. கொஞ்ச நேரத்தில் ஆல்டோ திரும்பினார். முழங்காலால் முகத்தில் ஒரே இடி. மெண்டிஸ் மல்லாந்துவிட்டார். ரவுண்டு முடிய இன்னும் ஒரே ஒரு விநாடி பாக்கி!

வலையைப் பிடிக்காமல் இருந்தால் ஆல்டோ விழுந்திருப்பாரா, விழுந்தால் மெண்டிஸ் ஜெயித்திருப்பாரா என்பது வேறு கதை. ஆல்டோ எமகாதகர், எப்படியும் ஜெயித்திருக்கலாம். ஆனால் ரூல் புஸ்தகத்தில் குற்றம் என்று அச்சடித்திருக்கிற ஒரு காரியம் நடந்தது, அதனால் பலன் கிடைத்தது, செலவு பூஜ்யம்.

*

"அப்படின்னா தண்டனையே கொடுக்க மாட்டாங்கங்கறீங்களா மாமா? ஜான் ஜோன்ஸையே டிஸ்குவாலிஃபை பண்ணியிருக்காங்க, தெரியுமா?" என்றான் பையன், காலையில் பல் தேய்த்தபடி.

தெரியும். அந்தக் கதை இன்னும் வேடிக்கை.

ஜான் ஜோன்ஸ் என்பவர் இந்த விளையாட்டின் சூரர்களில் ஒருவர். 2009 டிசம்பர் 5-ம் தேதி லாஸ் வேகஸில் மாட் ஹாமில் என்பவரோடு சண்டை. ஹாமிலுக்குக் காது கேட்காது. ஜோன்ஸ் அவரைத் தூக்கிக் கீழே போட்டதில் தோள்பட்டை நழுவிவிட்டது. பாவம், அதைச் சொல்லவும் முடியாமல் கிடந்தார். ஜோன்ஸ் மேலே உட்கார்ந்து முழங்கையால் நெற்றியில் இறக்கினார். எப்படி? மேலிருந்து செங்குத்தாக, கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு. வந்தது வினை! முழங்கையைப் பக்கவாட்டில் வீசினால் சரி; சாய்வாக இறக்கினால் சரி; நேர்க்கோட்டில் செங்குத்தாக இறக்கினால் குற்றம். ரெஃப்ரி வீடியோவையும் போட்டுப் பார்த்தார். ஹாமிலால் தொடர முடியவில்லை. ஜோன்ஸ் டிஸ்குவாலிஃபை! அவருடைய கணக்கில் இருக்கிற ஒரே தோல்வி அதுதான்.

செங்குத்து மட்டும் ஏன் குற்றம்? அந்தக் காலத்து ரெஃப்ரி ஜான் மெக்கார்த்தி ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். விதி எழுதக் கூடிய அதிகாரிகள், டி.வி.யில் கராத்தேக்காரர்கள் முழங்கையால் பனிக்கட்டிப் பாளங்களை உடைப்பதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்களாம். பனிக்கட்டிக்கே இந்தக் கதி என்றால் மண்டைக்கு என்ன கதி! தடை போட்டுவிட்டார்கள். அந்தத் தடை இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2024-ல் ஆணையங்களின் கூட்டமைப்பு ஓட்டுப் போட்டு அதை நீக்கியது. நவம்பர் 1 முதல் செங்குத்து முழங்கையும் சட்டபூர்வம். ஜோன்ஸின் தோல்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ரூல் ரிடையர் ஆகிவிட்டது, பனிஷ்மென்ட் இன்னும் சர்வீஸில்!

ஆக, வலையைப் பிடித்து உதை தப்பித்தவருக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு, பிற்பாடு குற்றமே இல்லை என்றாகிவிட்ட ஒரு குற்றத்துக்குத் தூக்கு. தண்டனையில் நடுப்படி இல்லாவிட்டால் இப்படித்தான்: ஒன்று, கண்டுகொள்ளாமல் விடுவது. இல்லையென்றால் தலையை வாங்குவது.

*

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. இந்த விதிகளின்படி குற்றத்தின் எடையைத் தீர்மானிப்பது யார் தெரியுமா? அடி வாங்கியவன்!

'உன்னால் தொடர முடியுமா?' என்று அவனிடம்தான் கேட்கிறார்கள். கவட்டையில் பட்டால் ஐந்து நிமிஷம் அவகாசம் உண்டு. அப்புறம் அதே கேள்வி. தொடர முடியும் என்றால் அடித்தவனுக்குச் சின்னத் தண்டனை, அல்லது வெறும் வார்னிங். முடியாது என்றால் அடித்தவன் காலி, அல்லது சண்டையே காலி. வலியில் துடிக்கிறவன் அந்தச் சில நிமிஷத்துக்குள் நீதிபதியாகவும் மாற வேண்டும்.

இரண்டு பேர் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

2019 மார்ச் 2, லாஸ் வேகஸ். அதே ஜான் ஜோன்ஸ், இப்போது சாம்பியன். எதிரே ஆன்டனி ஸ்மித். ஆரம்பத்திலிருந்தே ஸ்மித்துக்குச் சரியான உதை. நாலாவது ரவுண்டில் வலையோரம் முழங்கால் தரையில் ஊன்றியிருந்த ஸ்மித்தின் தலையில் ஜோன்ஸ் முழங்காலால் இடித்துவிட்டார். பட்டவர்த்தனமான குற்றம். ரெஃப்ரி ஹெர்ப் டீன் நிறுத்தி, இரண்டு பாயின்ட்டை வெட்டினார்.

ஸ்மித் அந்த நேரத்தில் "முடியலை சார்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜோன்ஸ் டிஸ்குவாலிஃபை ஆகி, சாம்பியன் பெல்ட் ஸ்மித் இடுப்புக்கு வந்திருக்கும். உலக சாம்பியன்! பொய்கூட இல்லை, நிஜமாகவே தலையில் வாங்கியிருக்கிறார். ஸ்மித் என்ன செய்தார்? எழுந்தார். தொடரலாம் என்றார். மிச்சத்தையும் வாங்கிக்கொண்டார். மூன்று ஜட்ஜுகளும் 48-44 என்று எழுதினார்கள். இரண்டு பாயின்ட் வெட்டியும் ஜோன்ஸ் ஜெயித்துவிட்டார். அந்த வழியில் ஜெயிக்க விருப்பமில்லை என்பதுதான் ஸ்மித் பின்னால் சொன்னதன் சாரம்.

2021 மார்ச் 6, மறுபடி லாஸ் வேகஸ். ரஷ்யாவின் பியோத்தர் யான் 61 கிலோ பிரிவில் சாம்பியன். எதிரே அமெரிக்காவின் ஆல்ஜமெய்ன் ஸ்டெர்லிங். அதே நாலாவது ரவுண்டு, அதே முழங்கால், தரையில் இருந்தவர் தலையில். ஸ்டெர்லிங்கால் எழுந்திருக்க முடியவில்லை. யான் டிஸ்குவாலிஃபை. தப்பாட்டத்தால் யு.எஃப்.சி. பட்டம் கைமாறியது அதுதான் முதல் தடவை. பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், ஸ்டெர்லிங் அதைக் கீழே போட்டுவிட்டார். இப்படியா ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கே வேதனை. அப்புறம் ஆரம்பித்தது கச்சேரி. நடிகர், நாடகக்காரர், இவருக்கு ஆஸ்கர் கொடுங்கள்... ஒரு வருஷத்துக்கு மேல் உலகம் பூராவும் கிண்டல். இடித்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இடி வாங்கினவன் சரியாக விழுந்தானா என்பதுதான் விவாதம். 2022 ஏப்ரல் 9-ம் தேதி ஃபுளோரிடாவில் மறுபடி மோதி, ஐந்து ரவுண்டும் ஆடி, ஜட்ஜுகள் தீர்ப்பில் யானை ஜெயித்துக் காட்டிய பிறகுதான் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

எழுந்தவன் தோற்றான். விழுந்து கிடந்தவன் 'நடிகன்' என்று பெயர் வாங்கினான். இதில் எது சரி என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

ஆன்டனி ஸ்மித் 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஐம்பதுக்கு மேல் சண்டை போட்ட மனுஷர். யு.எஃப்.சி. சாம்பியன் பட்டம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

*

வழி இல்லாமல் இல்லை. ஜப்பான்காரர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள்.

1997-லிருந்து 2007 வரை அங்கே 'பிரைட்' என்று ஒரு பெரிய போட்டி நடந்தது. அவர்கள் விதிகள் வேறு மாதிரி. கீழே கிடப்பவனை உதைக்கலாம். முழங்கையால் தலையில் அடிக்கக் கூடாது. அங்கே ரவுண்டுக்கு இத்தனை மார்க் என்கிற கணக்கு இல்லை. முழுச் சண்டையையும் பார்த்துத் தீர்ப்பு. ஆகவே பாயின்ட் வெட்ட வழியில்லை. அதற்குப் பதில் மஞ்சள் கார்டு. கார்டு வாங்கினால் அன்றைய சம்பளத்தில் பத்து சதவிகிதம் கட்! சும்மா கட்டிப் பிடித்துக்கொண்டு நேரம் போக்கினால்கூட ரெஃப்ரி மஞ்சள் கார்டை எடுத்துவிடுவார். ஒரே கார்டில் சண்டையின் முடிவு தலைகீழாக ஆகிவிடாது, ஆகவே கொடுக்க ரெஃப்ரிக்குத் தயக்கமில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கு வலிக்கும். வீட்டு வாடகை ஞாபகத்துக்கு வரும்.

லாஸ் ஆஃப் பே என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணத்தில் கை வைப்பது அமெரிக்கர்களுக்கும் தெரியாததல்ல. 2018 அக்டோபர் 6-ம் தேதி கபீப் நுர்மகொமேடோவ், கானர் மெக்ரெகரை ஜெயித்த கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்து, எதிர்க் கோஷ்டி ஆள் ஒருத்தர் மேல் பாய்ந்தார். நெவாடா ஆணையம் அவருக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் போட்டது. மெக்ரெகருக்கு ஐம்பதாயிரம் டாலர், ஆறு மாதம். சண்டை முடிந்தபின் கூண்டுக்கு வெளியே செய்த தப்புக்கு லட்சக்கணக்கில்! அதே சண்டையின்போது கூண்டுக்குள் மெக்ரெகர் வலையைப் பிடித்ததற்கும் கையுறையைப் பிடித்ததற்கும் ஒரு பாயின்ட்கூட வெட்டவில்லை.

கண்ணில் குத்துகிற விவகாரத்துக்கும் தைரியமான சட்டம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. எம்.எம்.ஏ. கையுறையில் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; பிடிக்கவும் மடக்கவும் விரல் வேண்டுமே. அந்த விரல்களை விரித்து எதிராளியின் முகத்தை நோக்கி நீட்டினாலே குற்றம், படாவிட்டாலும் குற்றம் என்று 2016-ல் திருத்தம் செய்தார்கள். அருமையான விதி. அமல்படுத்திப் பார்ப்பதுதான் அபூர்வம். 2024 ஜூனில் யு.எஃப்.சி. புது மாடல் கையுறை கொண்டுவந்தது. சில மாதங்களில், நவம்பரிலேயே, பழைய கையுறைக்குத் திரும்பிவிட்டார்கள். 2021-ல் லியான் எட்வர்ட்ஸின் விரல் பட்டு பெலால் முஹம்மதின் சண்டை இரண்டாவது ரவுண்டின் பதினெட்டாவது விநாடியில் நின்றுபோனது. 2025-ல் ஆஸ்பினால். நடுவில் எத்தனையோ கண்கள்.

என் கட்சி ரொம்பச் சின்னது. தப்பு தெரிந்து பட்டதா, தெரியாமல் பட்டதா என்று மனசைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். விரல் கண்ணில் பட்டதா? சம்பளத்தில் இவ்வளவு கட். வலையைப் பிடித்தாயா? இவ்வளவு கட். முதல் தடவைக்கே. அடி வாங்கினவன் எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி, தண்டனை அவன் முகத்தைப் பார்த்து மாறக் கூடாது. அப்புறம் பாருங்கள், விரல்கள் எவ்வளவு பணிவாக மடங்குகின்றன என்று.

இதையெல்லாம் பையனிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த ஸ்மித் இடத்துல நீங்க இருந்தா எழுந்திருப்பீங்களா மாமா?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். பொய் சொல்ல மனசில்லை.

"எழுந்திருக்க மாட்டேன்டா. ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லுவேன். பெல்ட்டை மட்டும் வயித்து மேல வைக்கச் சொல்லுவேன்."

பையன் சிரித்தான். சமையல் ரூமிலிருந்து அக்கா குரல் கேட்டது: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தி வீட்டையே எழுப்பினது யாரு?"

"தெரியாம கத்திட்டேன்மா. முதல் தடவைதானே!" என்றான்.

ஒரு மாதத்துக்கு அவன் செல்போன் ராத்திரி பத்து மணிக்கு அக்காவின் பீரோவுக்குள் போய்விட வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. எங்கள் வீட்டு ரெஃப்ரி வார்னிங் கொடுப்பதில்லை.